தை மாசத்து லேப்டாப்பு

அந்தப் பையில கால் படாமப் பாத்துக்கிடுங்க தங்கச்சி. லேப்டாப்பு இருக்கு. இல்ல இல்ல, மேல கம்பியில வைக்க வேண்டாம். மேல வெச்சா யாரு எப்ப எடுத்துட்டு இறங்குவான்னு யாரு கண்டா? மடியிலயே இருக்கட்டும். நீங்க சாத்தூர்லதான ஏறுனீக? மதுரை வரைக்குமா? நாங்க கோயம்புத்தூரு. கோவில்பட்டியில ஏறுனோம்.

மக காலேஜுல சேருதா. அந்தா, முன்னால மூணாவது சீட்டுல பச்சைச் சுடிதாரு, அவதான். வர்தினி. பக்கத்துல ஒருத்தி எலுமிச்சம்பழத்தை மோந்துக்கிட்டு உக்காந்திருக்கா பாருங்க, ஊதாச் சேலை. அவ பேரு ஜெயக்கொடி. என் ஓரகத்தி, கொழுந்தன் பொண்டாட்டி. அவளுக்கு பஸ்ஸு ஒத்துக்கிடாது. ஜன்னக் காத்து மூஞ்சியில அடிச்சாத்தான் வாந்தி வராம இருக்கும். அவ உக்காந்திருக்க ஜன்னக் கண்ணாடி இறுகிக் கிடக்கு, திறக்காது. ஏறும்போதே பாத்துட்டேன். சொல்லல. நல்லாத் திறக்க ஜன்னலு இந்தா இது, இதுல நான் உக்காந்துட்டேன். எனக்கும் காத்து வேணும்ல?

அப்ப எதுக்கு அவ கூட வாராங்கீகளா? அதான் எனக்கும் சந்தேகம். எங்க வீட்டுக்காரவுகளுக்கு லீவு கிடைக்கல. உடனே இவ, வர்தினிகிட்டப் போயி, நான் வாரேன், ஆஸ்டல் விசயமெல்லாம் எனக்குத் தெரியும்னுருக்கா. எங்கிட்ட கேக்கல. எங்கிட்ட எப்படிக் கேப்பா? நாங்க பேசி இருபது நாளு ஆகப் போகுது. பேச்சில்லாத வீட்டுப் பிள்ளைக்குத் துணையா வாராளே, என்ன காரியத்துக்கு வாரா? காலேஜு எப்படி இருக்குன்னு பாத்து வயிறு எரியத்தான வாரா?

எல்லாம் இந்த லேப்டாப்பால வந்தது. ஒங்களுக்குச் சொன்னா என்ன, மதுரையில இறங்கிப் போயிருவீக.

எங்க மாமனாரு கட்டுன வீடு தங்கச்சி. அவரு போன பின்னால நடுவுல ஒரு சுவரு வெச்சு ரெண்டாக்குனோம். முன்பக்கம் அவுகளுக்கு, பின்பக்கம் எங்களுக்கு. சண்டையெல்லாம் ஒண்ணும் இல்ல. சீட்டு எழுதிக் குலுக்கித்தான் எடுத்தோம். ஆனா அந்தச் சீட்டை எழுதுனது யாரு? ஜெயக்கொடி. சரி, அதை விடுங்க. கொரோனா சமயத்துல பிள்ளைகளுக்கு வீட்ல வெச்சே பாடம் நடந்துச்சுல்லா, அப்ப நெட்டு போட்டோம். ரெண்டு வீட்டுக்கும் சேத்து ஒரே பெட்டி. பெட்டி அவ பக்கத்துச் சுவத்துல இருக்கு. எங்க பக்கம் அதோட காத்துதான். அவ நெனைச்சா விடலாம், நெனைச்சா அடைக்கலாம். அன்னைக்கே சொன்னேன், பெட்டியை எங்க பக்கம் மாட்டுங்கன்னு. எங்க வீட்டுக்காரவுக, ஒரு வயரு வார பக்கம்தான மாட்ட முடியும்னு என் வாயை அடைச்சிட்டாக.

வர்தினி பிளஸ் டூவுல நல்ல மார்க்கு. இஞ்சினியரிங் கவுன்சிலிங்குக்கு முதல் ரவுண்டுலயே நம்பரு வந்துருச்சு. அது எப்படின்னா, மூணு நாள் குடுப்பாக. அந்த மூணு நாளுக்குள்ள எந்தக் காலேஜு, எந்தப் படிப்பு, எது மொதல்ல, எது ரெண்டாவதுன்னு வரிசையா கம்ப்யூட்டர்ல போட்டுப் பூட்டிரணும். விட்டா விட்டதுதான். அடுத்த ரவுண்டுல மிச்சம் மீதிதான் கிடைக்கும். ஜெயக்கொடி மக மதுநிஷாவுக்குப் போன வருசம் அப்படித்தான் ஆச்சு. ஃபோன்ல வெச்சுப் போட்டிருக்காக. விரல் வழுக்கி வரிசை மாறிப் போச்சு. கடைசியில மூணாவது ரவுண்டுல கேக்காத படிப்பு கிடைச்சுது. அந்தப் பிள்ளை ஒரு மாசம் அழுதா. சுவரு வழியா எங்களுக்குக் கேக்கும். பாவம்தான், நான் இல்லைங்கல.

நான் பத்தாவதுல நானூத்தி முப்பத்தொம்பது தங்கச்சி. பள்ளிக்கூடத்துல ரெண்டாவது. அந்த லீவுலயே தீப்பெட்டி ஆபீஸ்ல லேபிள் ஒட்டப் போட்டுட்டாக. அதுக்கப்புறம் நான் பள்ளிக்கூட வாசலை மிதிச்சது எம் மகளைச் சேக்கத்தான். யாரையும் குத்தம் சொல்லல. ஆனா எம் மக போகணும். அதுல எனக்கு வேற பேச்சே கிடையாது. அந்த மூணு நாளும் சோறு இறங்கல எனக்கு.

அதான் லேப்டாப்பு வாங்குனோம். ஃபோன்ல மட்டும் போட்றாதீகக்கா, பெரிய ஸ்கிரீன்ல பாத்துப் போடுங்கன்னு சொன்னது யாருன்னு நெனைக்கீக? இவதான். இந்த ஜெயக்கொடியேதான். லேப்டாப்பு வாங்கச் சொன்னதும் இவ, வாங்குன பின்னால நெட்டை நிறுத்துனதும் இவ. எப்படித் திட்டம் போட்டிருக்கா பாருங்க.

வாங்குனது ஆடி மாசம். வாங்கலாம், அதுல தப்பில்ல. தள்ளுபடியே ஆடிக்குத்தான போடுதாக. வாங்கலாம், ஆனா ஆரம்பிக்கக் கூடாது. மூணு வருசத்துக்கு முன்னால, எங்க வீட்டுக்காரவுக பேச்சைக் கேட்டு ஆடியில போரு போட்டோம். அறுநூறு அடி போச்சு. புழுதிதான் வந்துச்சு. அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், இனி எங்க வீட்ல ஆடியில எதுவும் ஆரம்பிக்கறதில்லன்னு. ஜோசியரைக் கேட்டா ஆவணி நாலாந்தேதி நல்லா இருக்குங்காரு. கவுன்சிலிங்கோ ஆடி நடுவுலயே முடியுது. என்ன செய்ய?

அப்பத்தான் எனக்கு ஒண்ணு தோணுச்சு. கடையில அந்தாளு லேப்டாப்பைப் போட்டுக் காமிச்சப்ப, மூலையில பொடிசா தேதியும் மணியும் ஓடுச்சு. அப்ப அந்த மிஷினுக்குன்னு தனியா ஒரு காலண்டர் இருக்குல்லா? நாம என்ன தேதி சொல்லுதோமோ அதைத்தான அது நம்பும்? வெளிய ஆடின்னு அதுக்கு எங்க தெரியப் போகுது? பஞ்சாங்கத்தை எடுத்து, போன தை மாசத்துல ஒரு நல்ல வளர்பிறை முகூர்த்த நாளாப் பாத்து, அந்தத் தேதியை வைக்கச் சொன்னேன். வர்தினி மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டுத்தான் வெச்சா. மஞ்சளு குங்குமம் வெச்சு, சூடம் காமிச்சு, தை மாசத்துல ஆரம்பிச்சோம். வெளிய ஆடிக் காத்து கதவைப் போட்டு அடிக்கி, உள்ள தை மாசம். யாருக்கு வரும் இந்த யோசனை? எங்க வீட்டுக்காரவுகளே அசந்து போயி, தலையில கைய வெச்சு உக்காந்துட்டாக.

ஏன் சிரிக்கீக? இல்ல, சிரிச்ச மாதிரி இருந்துச்சு.

அந்த நேரம் பாத்து ஜெயக்கொடி வந்தா. சுவரு தாண்டி சூட வாசனை போயிருக்கும் போல. வந்தவ லேப்டாப்பு மூடியில கைய வெச்சுத் தடவிப் பாத்தா. நல்லா இருக்குக்கான்னா. கட்டாஃப் எவ்வளவுன்னு வர்தினிகிட்ட கேட்டா. அவ சொல்லிட்டா, கூறு இல்லாத பிள்ளை. சொன்னதும் இவ மூஞ்சி ஒரு மாதிரி ஆச்சு. சிரிச்சா, ஆனா அது சிரிப்பு இல்ல. கண்ணு கலங்கி இருந்துச்சு. பொறாமையில கண்ணு கலங்கும், நான் பாத்திருக்கேன். அவ அந்தப் பக்கம் போனா, இந்தப் பக்கம் வர்தினி கவுன்சிலிங்குப் பக்கத்தைத் திறக்கா, திறக்க மாட்டேங்குது.

ஒரு எச்சரிக்கை வருது தங்கச்சி. இங்கிலீசுல. வர்தினியைப் படிச்சு அர்த்தம் சொல்லச் சொன்னேன். ஒங்க விவரங்களை யாரோ திருடப் பாக்கலாம்னு போட்டிருக்காம். நான் சொல்லல, அந்த லேப்டாப்பே சொல்லுது. வேற பக்கத்தைத் திறன்னேன். அதுலயும் அதே எச்சரிக்கை. எதைத் திறந்தாலும் திருடுதாக, திருடுதாக. கீழ பொடி எழுத்துல இன்னும் என்னமோ இருந்துச்சு. ஒங்க கம்ப்யூட்டர்ல இன்ன தேதி இருக்கு, இது சரிதானான்னு கேக்குதாம். சரிதான்னு சொல்லுன்னேன். நாம பாத்து வெச்ச தேதிதான, அதுல இதுக்கென்ன சந்தேகம்?

இதுல பாருங்க, ஃபோன்ல நெட்டு வருது. என் ஃபோன்ல வருது, அவுக ஃபோன்ல வருது. லேப்டாப்புல மட்டும் வரல. அதே பெட்டி, அதே காத்து. அப்ப என்ன அர்த்தம்? புதுசா வந்தது எதுவோ அதை மட்டும் குறி வெச்சு அடைச்சிருக்கா. பி.காம் படிச்சவ, பள்ளிக்கூட ஆபீஸ்ல கம்ப்யூட்டர் முன்னாலதான் நாள் பூரா உக்காந்திருக்கா. அவளுக்கு இதெல்லாம் ஒரு வேலையா?

வர்தினி என்னென்னமோ செஞ்சு பாத்தா. அணைச்சுப் போட்டா. பாஸ்வேர்டை அழிச்சுத் திரும்பப் போட்டா. அவுக அப்பா ஃபோன்ல இருந்து நெட்டை எடுத்து லேப்டாப்புக்கு விட்டுப் பாத்தா, அது வேற கம்பெனி நெட்டு, அந்தப் பெட்டிக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. அதுலயும் அதே எச்சரிக்கை. நான் அப்பதான் அரண்டு போனேன். அதுக்குள்ளயும் பூந்துட்டாளே பாவின்னு. பிறகு இவ, அம்மா, தேதியை மாத்துனா சரியாயிரும்னு நெனைக்கேன்னு ஆரம்பிச்சா. எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல. தேதியை மாத்துனா ஆடி வந்துரும், ஆடி வந்தா அறுநூறு அடிப் புழுதிதான். என் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணுன்னேன், ஆவணி வரைக்கும் தேதியில கைய வைக்க மாட்டேன்னு. பண்ணிட்டா. எம் மக சத்தியம் பண்ணுனா மீற மாட்டா. அது மட்டும் எனக்குத் தெரியும்.

நெட்டுக்காரன் நம்பருக்கும் ஃபோன் போட்டேன். அந்தப் பையன் லைட்டு எரியுதா, பெட்டியை அணைச்சுப் போட்டீகளான்னு வரிசையாக் கேட்டான். கடைசியில, லேப்டாப்புல தேதியும் நேரமும் சரியா இருக்கான்னு பாருங்கம்மாங்கான். நல்லாப் பாத்துத்தான் தம்பி வெச்சிருக்கோம், ஜோசியரு பஞ்சாங்கத்துல இருந்து எடுத்து வெச்சதுன்னேன். பிறகு, யாரு பேருல கனெக்சன் இருக்கோ அவுகளைப் பேசச் சொல்லுங்கன்னான். கனெக்சன் யாரு பேருல? என் கொழுந்தன் பேருல. எல்லாம் எங்க போயி நிக்கி பாத்தீகளா?

அன்னைக்குச் சாயங்காலமே மாடிக்குப் போனேன். வயரு மாடி வழியாத்தான் அவ வீட்டுக்குள்ள இறங்குது. அதுல ஒரு இடத்துல கருப்பு நூலை எடுத்து முடிச்சுப் போட்டு வெச்சேன். யாராவது வயர்ல கைய வெச்சா நூலு நகரும்ல? காலையில போயிப் பாக்கேன், நூலையே காணோம். எங்க வீட்டுக்காரவுக, காக்கா கூடு கட்டத் தூக்கிட்டுப் போயிருக்கும்ங்காக. ஆடியில எந்தக் காக்கா கூடு கட்டுது? கட்டுமா? சரி, கட்டுதுன்னே வெச்சுக்கிடுங்க, எத்தனையோ வயரு கிடக்கு மாடியில, என் நூலுதான் அதுக்குக் கிடைச்சுதா?

டவுன்ல பிரவுசிங் சென்டருக்குப் போகலாம்னாக. நான்தான் வேண்டாம்னேன். கண்டவன் உக்காந்து கண்டதைப் பாக்க கம்ப்யூட்டர்ல எம் மக பாஸ்வேர்டைப் போடுததா? வீட்டுச் சுவத்துக்கு அந்தப் பக்கமே திருட்டு நடக்கு, வெளிய சும்மா விடுவானா? இப்படியே ரெண்டு நாள் போச்சு. மூணாம் நாளு ஆடி வெள்ளி. சாயங்காலம் அஞ்சு மணிக்கு மூடிருவாக.

அன்னைக்கு மத்தியானம் மூணு மணி இருக்கும். குளிச்சிட்டு வந்து பாக்கேன், வர்தினியைக் காணோம். லேப்டாப்பு மூடிக் கிடக்கு. பிள்ளை மனசு உடைஞ்சு எங்கயும் போயிட்டாளோன்னு எனக்குப் பயம் வந்துருச்சு. மொட்டை மாடி, கொல்லை, தெருமுனை எல்லாம் பாத்தாச்சு. இல்ல. அந்தப் பயம் அப்படியே கோவமாத் திரும்பிருச்சு. ஈரத் தலையோட போயி அவ வாசல்ல நின்னேன். தெருவுல எல்லாரும் ஆடி வெள்ளிக்குக் கோலம் போட்டுக் கோயிலுக்குக் கிளம்பி நிக்காக. நான் எதையும் பாக்கல. வாயில வந்ததெல்லாம் பேசுனேன். ஒம் மகளுக்குக் கிடைக்காதது எம் மகளுக்குக் கிடைச்சிரக் கூடாதுன்னுதான இம்புட்டும் செய்யுதன்னேன். மூணாவது ரவுண்டுக்காரின்னேன். அந்தப் பிள்ளை அன்னைக்கு லீவுல வீட்ல இருந்தா. அவ காதுல விழுந்துச்சு. விழுகணும்னுதான் சத்தமாச் சொன்னேன்.

இதை நான் எங்க வீட்டுக்காரவுககிட்டகூடச் சொல்லல. ஒங்ககிட்ட எதுக்குச் சொல்லுதேன்னு தெரியல.

ஜெயக்கொடி வெளிய வந்தா. கையில கரண்டி. ஒரு வார்த்தை திருப்பிப் பேசல தங்கச்சி. பேசியிருந்தா எனக்கு நல்லா இருந்திருக்கும். கதவைத் திறந்து விட்டுட்டு,

"உள்ள வாங்கக்கா. வர்தினி இங்கதான் சாப்பிட்டுக்கிட்டு இருக்கா. எம்பத்தாறு காலேஜு போட்டுப் பூட்டியாச்சு" அப்படின்னா.

உள்ள எட்டிப் பாக்கேன். எம் மக அவ வீட்டுக் கம்ப்யூட்டர் முன்னால உக்காந்து, ஒரு கையில வடையை வெச்சுக்கிட்டு இருக்கா. பக்கத்துல மதுநிஷா ஒரு நோட்டுல எதையோ டிக் அடிச்சுக்கிட்டு இருந்தவ, என்னைப் பாத்ததும் எந்திரிச்சு உள்ள போயிட்டா. பாத்துட்டு எனக்கு நெஞ்சு ஆறணும்ல? ஆறல. எம் மகளையே வரவழைச்சு, அவ வீட்ல வெச்சு, அவ கம்ப்யூட்டர்லயே போட வெச்சிட்டாளே, இனி காலமெல்லாம் சொல்லிக் காமிப்பாளேன்னுதான் ஓடுச்சு. வர்தினி கையைப் புடிச்சு இழுத்துக்கிட்டு வந்தேன். படியிறங்கும்போது பின்னாலயே வந்து அவ சொன்னா,

"லேப்டாப்பு அப்படியே இருக்கட்டும்க்கா. ஒண்ணும் செய்ய வேண்டாம். ஆடி போகட்டும்."

கேட்டீகளா பேச்சை? ஆடி போகட்டுமாம். அப்படின்னா என்ன அர்த்தம்? ஆடி முடியுற வரைக்கும் உன் லேப்டாப்பை ஓட விட மாட்டேன்னு தான அர்த்தம்? தன் வாயாலயே ஒத்துக்கிட்டா. அன்னைக்கு விட்டதுதான் பேச்சு.

முதல்ல போட்ட காலேஜே கிடைச்சுது. கோயம்புத்தூருல பெரிய காலேஜு. எல்லாரும் சந்தோசப்பட்டாக. எனக்கு மட்டும் ஒரு உறுத்தல். ஏன் கோயம்புத்தூரு? மதுரையில இல்லாத காலேஜா? எங்கிட்ட இருந்து பிள்ளையைப் பிரிக்கத்தான தூரமாப் பாத்து மொதல்ல போட வெச்சிருக்கான்னு. வர்தினியைக் கேட்டா, நான்தாம்மா கோயம்புத்தூரு கேட்டேன், சித்தி மதுரையத்தான் போடச் சொன்னாகங்கா. பிள்ளை பொய் சொல்லப் பழகிருச்சு பாருங்க.

என்னது? லேப்டாப்பா? அது இன்னும் தையிலதான் இருக்கு. இல்ல, தையில ஆரம்பிச்சது, இப்ப மாசி ஓடுதுன்னு வர்தினி சொன்னா. இன்னைக்கு ஆவணி நாலு. ஆஸ்டல்ல போயி மாத்திக்கிடலாம்னு வெச்சிருக்கோம். இப்பவேயா? மணி என்ன? ஒம்பதே காலுக்கு மேல நல்ல நேரம்தான். ஒம்பதரையா? அப்பச் சரி. ஆனா நீங்க எதுக்கு... நீங்க கம்ப்யூட்டர் டீச்சரா? அதை மொதல்லயே சொல்லப்படாதா? நான் பாட்டுக்கு வளவளன்னு பேசிக்கிட்டு வாரேன். தப்பா நெனைச்சுக்கிடாதீக டீச்சர், ஒங்க அடையாள அட்டை ஏதும் இருக்கா? சும்மா பாக்கத்தான். ஓ, நல்லா இருக்கே ஃபோட்டோ.

இந்தாங்க. மெதுவா. சுத்தியிருக்க துண்டை அப்படியே மடியில விரிச்சுக்கிடுங்க, அந்தக் குங்குமம் கைல ஒட்டும். ஆமா, இதான் அந்தத் தேதி. எங்க, நான் பாக்கணும், நீங்க எதை அமுக்குதீகன்னு பாக்கணும். அதை அமுக்கி, இதை இந்தப் பக்கம் தள்ளி... அம்புட்டுத்தானா? ரெண்டு அமுக்குலயா? அதுவே ஆவணிக்கு வந்துருச்சே. இந்த நெட்டு எங்க இருந்து வருது, ஒங்க ஃபோன்ல இருந்தா? சரி, திறங்க. கவுன்சிலிங்குப் பக்கம்தான், அதையே திறங்க.

வந்துருச்சு.

எச்சரிக்கை எங்க? ஒண்ணையும் காணோமே. வேற பக்கம் திறங்க. அதுவும் வருது.

டீச்சர், அன்னைக்கு அவுக அப்பா ஃபோன்ல இருந்தும் இப்படித்தான விட்டா, வரலியே? தேதி ஒண்ணுதானா? எப்படி? கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்க. ஒவ்வொரு பக்கமும் ஒரு அடையாள அட்டையைக் காமிக்குமா? இந்தத் தேதியில இருந்து இந்தத் தேதி வரைக்கும் செல்லும்னு அதுல போட்டிருக்குமா? இது தை மாசத்துலயே உக்காந்துக்கிட்டு, ஆனியில குடுத்த அட்டையைப் பாத்துட்டு, இது இன்னும் பொறக்காத அட்டை, நீ கள்ளன்னு சொல்லியிருக்கு. வந்து நின்ன எல்லாரையும் கள்ளன்னு சொல்லியிருக்கு. கூறு கெட்ட மிஷினு. தன் தேதி சரியான்னு பாக்காம, வாசல்ல வந்து நிக்கவுக எல்லாரையும் சந்தேகப்பட்டா என்னத்துக்கு ஆகும்?

அப்ப அந்தப் பெட்டி? அவ பெட்டியில ஒண்ணுமே செய்யலியா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. கொஞ்சம்கூடவா?

கொஞ்சம் இருங்க டீச்சர். பேசாதீக.

ஆடி போகட்டும்னு சொன்னாள்ல அவ. லேப்டாப்பு அப்படியே இருக்கட்டும், ஒண்ணும் செய்ய வேண்டாம்னு. அப்ப அவளுக்கு அன்னைக்கே தெரிஞ்சிருக்கு. வர்தினி சத்தியத்தைப் பத்தி அவகிட்ட சொல்லியிருக்கா. சத்தியத்தை மீறச் சொல்லாம, தேதியில கைய வைக்காம, அவ கம்ப்யூட்டர்ல போட வெச்சிருக்கா. தெருவே நின்னு வேடிக்கை பாக்குது, நான் அம்புட்டுப் பேச்சு பேசுதேன், நீ வெச்ச தேதியாலதான்டி எல்லாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அங்கயே நான் செத்திருப்பேன். சொல்லல. கரண்டியைக் கையில வெச்சுக்கிட்டு நின்னா.

நான் அந்தப் பிள்ளையை மூணாவது ரவுண்டுக்காரின்னு சொல்லிட்டேனே டீச்சர். டிக் அடிச்சுக்கிட்டு இருந்த பிள்ளையை. தன் தப்பு இவளுக்கு வந்துரக் கூடாதுன்னு உக்காந்து ஒண்ணொண்ணாச் சரி பாத்திருக்கு அது.

இல்ல, அழல. காத்துல தூசி.

டீச்சர், எனக்கு ஒரு ஒத்தாசை பண்ணுவீகளா? மதுரை வர இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும்ல? நீங்க முன்னால போயி எம் மக பக்கத்துல உக்காந்துக்கிடுங்க. அவ நல்லாப் பேசுவா, ஒங்களுக்கும் பொழுது போகும். அந்த ஊதாச் சேலையை இங்க வரச் சொல்லுங்க. என்னன்னு கேட்டா அக்கா கூப்பிடுதாகன்னு மட்டும் சொல்லுங்க. தேதி விசயத்தை நீங்க எதுவும் பேச வேண்டாம். அவளுக்குத் தெரியும்னு எனக்குத் தெரிஞ்சது அவளுக்குத் தெரிய வேண்டாம். நான் பாத்துக்கிடுதேன். லேப்டாப்பை இப்படிக் குடுங்க. இல்ல, வேண்டாம், நீங்களே கொண்டு போயி வர்தினி கையில குடுத்துருங்க. ஒங்களை நம்பித்தான் தாரேன்.

வா ஜெயா. பாத்து, கம்பியைப் புடிச்சுக்கோ. இரு, நான் நகந்துக்கிடுதேன். நீ உள்ள போ, ஜன்னல் பக்கம் உக்காரு. இது நல்லாத் திறக்கும். பழத்தைக் கீழ போட்டு நல்லாக் காத்து வாங்கு. மதுநிஷாவுக்கு என்ன, பரிச்சை எப்ப வருது?

என்னடி அப்படிப் பாக்க? நெசமாத்தான் கேக்குதேன். ஒண்ணும் இல்ல, உக்காரு.